நாலு டிஸ்க்கில் இரண்டு விழுந்த நாள்: ரெய்ட் கோளாறு பார்ப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அக்டோபர் பிறந்துவிட்டால் மதியம் 3 மணிக்கு மேல் இடியை எதிர்பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். பருவக்காற்று மாறும் காலம். காலையில் வெயில் கொளுத்தும், சாயங்காலம் செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து கருத்துக்கொண்டு வரும், ஒரு வெட்டு வெட்டினால் கடைத்தெரு முழுக்க விளக்கு போகும். அப்படி ஒரு மாலைக்கு மறுநாள், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில், கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ அண்ணன் ஒருவர் போன் செய்தார்.

"தம்பி, சர்வர் ஓடுது, விளக்கெல்லாம் எரியுது. ஆனா போல்டரைக் காணோம். நெட்டுல பார்த்தேன், 'கிரியேட்'னு ஒரு கட்டளை தட்டினா சரியாகும்னு போட்டிருக்கான். தட்டவா?"

"அண்ணே, கீபோர்டுல இருந்து கையை எடுங்க. நான் வந்துடுறேன்."

அன்று அந்தக் கட்டளையைத் தட்டியிருந்தால் ஏழெட்டு கல்யாணங்கள் காணாமல் போயிருக்கும். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சர்வரில் பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி வைப்பது என்றால் என்ன, அது சாய்ந்தால் எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடவே கூடாது என்று பார்ப்போம். லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வைத்துத்தான் சொல்கிறேன். அந்த ஸ்டூடியோவில் ஓடுவது அதுதான். கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடியே எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ரெய்ட். 1988இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் ஒரு ஆய்வுக் கட்டுரையில் வைத்த பெயர் அது. விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதில், மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து ஓட்டலாமே என்பது அவர்கள் வாதம். பல டிஸ்க் இருந்தால் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும் வாய்ப்பும் கூடும். அதனால் ஒன்று போனாலும் தாங்குகிற மாதிரி கொஞ்சம் கூடுதல் தகவலையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும்.

அந்தக் கூடுதல் தகவலை எங்கள் ஊர்க்காரருக்குப் புரியவைப்பது சுலபம். ரப்பர்த் தோட்டத்தில் பால் ஸ்டோரில் கிராணி (கணக்கர்) எடை போட்டு எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் கொண்டுவந்த பால் 18 கிலோ, 22 கிலோ, 15 கிலோ. கீழே மொத்தம் 55. மழையில் நனைந்து இரண்டாவது வரி அழிந்துவிட்டது. கவலையில்லை: 55இலிருந்து 18ஐயும் 15ஐயும் கழித்தால் 22 வந்துவிடும். ரெய்ட் 5 செய்வது ஏறக்குறைய இதே வேலைதான். மூன்று டிஸ்க்கில் தகவல், நான்காவதில் "மொத்தம்". அந்த மொத்தத்துக்குப் பாரிட்டி என்று பெயர். எல்லாப் பாரிட்டியும் ஒரே டிஸ்க்கில் கிடக்காமல் நான்கிலும் மாறி மாறி உட்காரும். கணினி கிலோக் கணக்குப் போடாது. பிட்டுகளில் 1 எத்தனை, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று மட்டும் பார்க்கும். 1, 0, 1 என்று இருந்தால் இரண்டு 1, இரட்டைப்படை, ஆகவே பாரிட்டி 0. நடுவில் உள்ளது தொலைந்தால், இருக்கிற இரண்டு 1களே இரட்டைப்படையாகிவிட்டன, ஆக தொலைந்தது 0தான் என்று கண்டுபிடித்துவிடும்.

இப்போது இரண்டு வரி அழிந்தால்? 55 இருக்கிறது, 18 இருக்கிறது, மற்ற இரண்டும் சேர்ந்து 37 என்று தெரியும், தனித்தனியே எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ரெய்ட் 5இன் எல்லை அதுதான். ரெய்ட் 6இல் வேறு விதமாகக் கணக்கிட்ட இன்னொரு மொத்தமும் இருப்பதால் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். ரெய்ட் 1 கார்பன் தாள் வைத்து எழுதுவது: ஒன்றில் எழுதினால் மற்றதிலும் விழும். ரெய்ட் 0இல் தகவலைப் பங்கு போட்டு வைப்பதோடு சரி, பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஒன்று போனால் எல்லாம் போச்சு. ரெய்ட் 10 என்பது கார்பன் பிரதியும் பங்கு போடலும் சேர்ந்தது.

கார்பன் தாள் என்றேனே, அதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. மேல் தாளில் தப்பாக எழுதினால் கீழ்த் தாளிலும் தப்பாகத்தான் விழும். தெரியாமல் ஒரு போல்டரை அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். ஆகவே ரெய்ட் என்பது பேக்கப் இல்லை. இதை நான் அந்த அண்ணனிடம் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவரும் மூன்று வருஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இந்த வேலையைச் செய்ய தனி அட்டைகள் உண்டு. அது இல்லாமல் சர்வரின் இயங்குதளமே செய்தால் அதற்குப் பெயர் சாஃப்ட்வேர் ரெய்ட். லினக்ஸில் எம்டி என்ற பகுதி பார்த்துக்கொள்கிறது, நாம் அதோடு பேசுவது எம்டிஏடிஎம் என்ற நிரல் வழியாக. சின்ன இடங்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். அட்டை எரிந்துபோனால் அதே ரக அட்டை தேடி அலைய வேண்டும். இதில் டிஸ்க்குகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டினால் அணி, அதாவது ஒன்றாகக் கட்டிய டிஸ்க்குகள், தானாகச் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் சூப்பர்பிளாக் என்று ஒரு சின்னக் குறிப்பு இருப்பதுதான் காரணம். "நான் இந்த அணியைச் சேர்ந்தவன், என் இடம் இது, மொத்தம் நான்கு பேர்" என்று அதில் எழுதியிருக்கும்.

சரி, ஸ்டூடியோவுக்கு வருவோம். நான்கு டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டெராபைட், ரெய்ட் 5. போனதும் நான் பார்த்தது ஒரே ஒரு கோப்பு: ப்ராக் அடைவில் இருக்கும் எம்டிஸ்டாட். அதைத் திறந்து படிப்பதால் எதுவும் மாறாது, ஆகவே பயமில்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். நலமாக இருக்கும் அணி என்றால் அதில் [4/4] என்று இருக்கும், பக்கத்தில் ஆங்கில யு எழுத்து நான்கு வரிசையாக நிற்கும். ஒரு டிஸ்க் விழுந்திருந்தால் [4/3] ஆகும், ஒரு யு இருந்த இடத்தில் அடிக்கோடு விழும். பல் விழுந்த வாய் மாதிரி, பார்த்ததும் தெரியும். இந்த நிலையை டிகிரேடட் என்பார்கள். அணி ஓடும், கோப்புகள் திறக்கும், ஆனால் தாங்கிப்பிடிக்க இனி ஆள் இல்லை.

அன்று நான் பார்த்தது அதுவும் இல்லை. "இன்ஆக்டிவ்" என்று இருந்தது, டிஸ்க் பெயர்களுக்குப் பக்கத்தில் ஸ்பேர் என்பதைக் குறிக்கும் ஆங்கில எஸ் எழுத்து அடைப்புக்குறிக்குள். இதைப் பார்த்துத்தான் புதியவர்கள் பதறுவார்கள்: நான்கும் எப்படி ஸ்பேர் ஆகும், தகவல் எல்லாம் அழிந்துவிட்டதா என்று. அப்படி இல்லை. "அணியைத் தொடங்க எனக்குப் போதுமான ஆள் இல்லை, வந்தவர்களை ஓரமாக உட்கார வைத்திருக்கிறேன்" என்பதுதான் அதன் பொருள்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான தகவல்கள் சாகின்றன. கெட்டுப்போன டிஸ்க்கால் இல்லை, அவசரப்பட்ட கையால். 'கிரியேட்' என்ற கட்டளை புதிதாக ஓர் அணியை உருவாக்குவது. பழைய சூப்பர்பிளாக்கின் மேலேயே புதிதாக எழுதும். டிஸ்க் வரிசை மாறினாலோ, தகவலைப் பங்கு போடும் துண்டின் அளவு மாறினாலோ, தகவல் தொடங்கும் இடம் கொஞ்சம் நகர்ந்தாலோ உள்ளே இருப்பது குப்பையாகத் தெரியும். அந்தக் குப்பையை வைத்துப் பாரிட்டியும் கணக்கிடத் தொடங்கிவிட்டால் மீட்பது மிகக் கடினம். ஏற்கெனவே இருக்கும் அணியைச் சேர்க்க வேறு கட்டளை உண்டு, 'அசெம்பிள்'. பேர் வித்தியாசம் சின்னது, விளைவு அப்படி இல்லை.

ஆக முதல் வேலை, ஒரு நோட்டும் பேனாவும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் 'எக்ஸாமின்' என்ற விருப்பத்தோடு எம்டிஏடிஎம்மை ஓட்டினால் சூப்பர்பிளாக்கைப் படித்துக் காட்டும். எதையும் மாற்றாது. அதில் வருவதை அப்படியே வேறு இடத்தில் சேமித்து வைத்துவிடுங்கள், பின்னால் எது நடந்தாலும் அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும். அதில் நான் முக்கியமாகத் தேடுவது இரண்டு வரி: கடைசியாகப் புதுப்பித்த நேரமும், 'ஈவென்ட்ஸ்' என்ற எண்ணும்.

ஈவென்ட்ஸ் என்பது பழைய தோட்டத்துப் பெரட்டு மாதிரி. விடியற்காலையில் எல்லாரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதுபோல அணியின் நிலை மாறும்போதெல்லாம் இந்த எண் கூடும்; அந்த நேரத்தில் வேலையில் இருக்கும் டிஸ்க்குகளில் மட்டும் பதிவாகும். வராதவருக்குப் பழைய எண்ணிலேயே நின்றுபோகும். லினக்ஸ் நான்கு டிஸ்க்குக்கும் வைத்திருந்த பெயர்களோடு ஸ்டூடியோவில் கிடைத்தது இது: எஸ்டிஏ 48213, எஸ்டிபி 48213, எஸ்டிசி 48209, எஸ்டிடி 31077.

இந்த நான்கு எண்ணைப் பார்த்தாலே கதை விளங்கிவிடும். முதல் இரண்டும் கடைசி வரை இருந்தவை. எஸ்டிசி நான்கே எண் பின்தங்கியிருக்கிறது, அதாவது முந்தின நாள் மின்சாரம் போன சமயத்தில் விழுந்தது. எஸ்டிடியோ எப்போதோ போய்விட்டது. கடைசியாகப் புதுப்பித்த நேரத்தைப் பார்த்தால் மூன்று வாரத்துக்கு முந்தின தேதி. மூன்று வாரமாக அணி மூன்று காலில் நொண்டிக்கொண்டே ஓடியிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. எச்சரிக்கை மெயில் போயிருக்கிறது. ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெட்டிக்கு. அதை யார் திறந்து பார்க்கிறார்கள்?

எஸ்டிடியைச் சேர்த்து அணியைத் தொடங்கினால் என்ன ஆகும்? மூன்று வாரம் லீவு போட்டுவிட்டு வந்தவரிடம் நேற்றைய கணக்கைக் கேட்பது போலாகும். அவர் சொல்வது ஒரு காலத்தில் உண்மைதான், இன்றைக்குப் பொருந்தாது. பழையதும் புதியதும் கலந்தால் கோப்பு முறையே சிதைந்துவிடும். எஸ்டிசியில் நான்கு எண் வித்தியாசம் என்றால் கடைசி நிமிடத்தில் எழுதியது கொஞ்சம் போயிருக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் எஸ்டிசி ஏன் விழுந்தது என்று தெரியாமல் அதை நம்பவும் முடியாது. இதற்குத்தான் ஸ்மார்ட். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்துக்கொள்ளும் மருத்துவக் குறிப்பு அது, ஸ்மார்ட்சிடிஎல் என்ற நிரலால் படிக்கலாம். நீளமான பட்டியல் வரும், நான் பார்ப்பது மூன்று எண்கள். 5ஆம் எண் வரி, கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தகவல் பதியும் சின்னச் சின்னக் கட்டங்கள். 197, படிக்க முடியாமல் இன்னும் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். இந்த இரண்டும் ஏறினால் டிஸ்க்குக்கு வயதாகிவிட்டது. 199 மட்டும் வேறு மாதிரி: டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் தகவல் போகும் வழியில் ஏற்பட்ட பிழை. பெரும்பாலும் கேபிள்தான். எஸ்டிடியில் 197 ஏறியிருந்தது. எஸ்டிசியில் மற்ற எல்லாம் சுத்தம், 199 மட்டும் எகிறியிருந்தது. பெட்டியைத் திறந்தால் சாட்டா கேபிள் பாதி கழன்று நிற்கிறது, பக்கத்தில் ஒரு பல்லி முட்டை. பல்லி மேல் பழி போட எனக்குச் சாட்சி இல்லை. புதுக் கேபிள் மாட்டினேன். 199 பழைய எண்ணுக்கு இறங்கிவராது, மேலே ஏறாமல் நின்றால் போதும்.

பெட்டியைத் திறக்கும்போது இன்னொன்று. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் நிலையானவை இல்லை, மறுபடி இயக்கும்போது இடம் மாறக்கூடும். "மேலே இருந்து மூன்றாவது" என்று எண்ணிக் கழற்றி, நல்ல டிஸ்க்கைக் கையில் எடுத்து வைத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சீரியல் எண்ணைத்தான் நம்ப வேண்டும். ஸ்மார்ட்சிடிஎல் காட்டும் சீரியலும் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியலும் ஒன்றா என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

அப்புறம்தான் செயல். இன்ஆக்டிவாக நிற்கும் அணியை 'ஸ்டாப்' செய்து விடுவித்தேன். பிறகு 'அசெம்பிள்', கூடவே 'ஃபோர்ஸ்', எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி மூன்றின் பெயரை மட்டும் கொடுத்து. ஃபோர்ஸ் என்றால் "நான்கு எண் வித்தியாசம் எனக்குத் தெரியும், பரவாயில்லை, சேர்த்துக்கொள்" என்று நாம் பொறுப்பேற்பது. எஸ்டிசியில் படிக்கும் பிழை ஏதாவது காட்டியிருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன். முதலில் டிடிரெஸ்க்யூ வைத்து முழு டிஸ்க்கையும் புதியதற்கு நகலெடுத்து, நகலை வைத்துத்தான் அணியைச் சேர்த்திருப்பேன்.

அணி எழுந்தது. [4/3], மூன்று யு, ஒரு அடிக்கோடு. அண்ணன் உடனே, "புது டிஸ்க் போட்டுடலாமா?" என்றார். இல்லை. அணியை ரீட்-ஒன்லி ஆக்கி, கோப்பு முறையை எதையும் திருத்தாமல் சோதிக்கும் விதத்தில் எஃப்எஸ்சிகே ஓட்டிப் பார்த்து, இன்னும் ஒப்படைக்காத கல்யாணங்களை எல்லாம் ஒரு வெளி டிஸ்க்குக்கு மாற்றினோம். காரணம் இருக்கிறது. புது டிஸ்க்கைச் சேர்த்ததும், விழுந்த டிஸ்க்கில் இருந்ததைக் கணக்கிட்டு அதில் எழுதும் ரீபில்ட் தொடங்கும். மீதி மூன்று டிஸ்க்கையும் முதல் செக்டரிலிருந்து கடைசி வரை ஒன்றுவிடாமல் படிக்கும். 12 டெராபைட் படிப்பு. வீட்டு உபயோக டிஸ்க்குகள் பலவற்றின் விவரத்தாளில், 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுகள் படித்தால் ஒரு பிழை வரலாம் என்று உச்ச வரம்பு போட்டிருப்பார்கள். அது ஏறக்குறைய 12.5 டெராபைட். நடைமுறையில் பெரும்பாலும் அதைவிட நன்றாகவே ஓடும், ஆனால் மூன்று வருஷம் தொடாமல் கிடந்த மூலையில் ஒரு கெட்ட செக்டர் இருந்தால் அது வெளியே வருவது இந்த நேரத்தில்தான். எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டுப் பிறகு ரீபில்ட் செய்வதுதான் முறை.

மறுநாள் ஈப்போவிலிருந்து புது டிஸ்க் வந்தது. எஸ்டிடியைக் கழற்றி, புதியதை மாட்டி, 'ஆட்' என்று ஒரே கட்டளை. எம்டிஸ்டாட்டில் சின்ன அம்புக்குறி நகர்ந்துகொண்டே போகும், எவ்வளவு சதவீதம், இன்னும் எத்தனை நிமிடம் என்று காட்டும். 4 டெராபைட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினால் ஏழரை மணி நேரம். நடுவில் யாராவது வேலை செய்தால் இன்னும் இழுக்கும். வேகத்தைக் கூட்டும் வரம்புகள் உண்டு, ஆனால் அன்று நான் தொடவில்லை. இரவு ஓடட்டும் என்று விட்டுவிட்டு, யுபிஎஸ் பேட்டரியையும் மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.

எல்லாக் கோளாறும் இவ்வளவு பெரிதாக இருக்காது. எம்டி0 என்று இருந்த அணி ஒருநாள் எம்டி127 என்று வந்து நிற்கும், போல்டர் காணாமல் போகும். டிஸ்க் எல்லாம் நலம்தான். எம்டிஏடிஎம் அமைப்புக் கோப்பில் அணியின் விவரம் இல்லை, அல்லது சர்வர் எழும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னத் தொகுப்பில் அது புதுப்பிக்கப்படவில்லை. அணியை ஒரு போல்டரோடு இணைக்கும் (மவுன்ட்) இடத்தில் எம்டி பெயருக்குப் பதில் யுயுஐடி என்ற மாறாத அடையாள எண்ணைக் கொடுத்திருந்தால் பாதிப் பிரச்சினை வராது. இன்னொன்று, இரண்டு டிஸ்க் ரெய்ட் 1இல் முதல் டிஸ்க் போனதும் சர்வர் எழும்பவே மாட்டேன் என்னும். தகவல் இரண்டிலும் இருக்கும், சர்வரை எழுப்பிவிடும் பூட்லோடர் மட்டும் முதல் டிஸ்க்கில்தான் இருக்கும். அமைக்கும்போதே இரண்டிலும் போட்டு வைக்க வேண்டும்.

அடிக்கடி டிஸ்க் "விழுந்து", சோதித்தால் நன்றாக இருக்கிறது என்றால் காலக்கெடுவைப் பாருங்கள். லினக்ஸ் ஒரு டிஸ்க்கின் பதிலுக்குச் சாதாரணமாக 30 நொடி காத்திருக்கும். மேசைக் கணினிக்கான சில டிஸ்க்குகள் ஒரு கெட்ட செக்டரை அதற்கும் மேலாகத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். லினக்ஸ் பொறுமை இழந்து, பதில் இல்லை என்று அணியிலிருந்து தள்ளிவிடும். சர்வருக்கான டிஸ்க்குகள் சில நொடியிலேயே "முடியவில்லை" என்று சொல்லிவிடும். அப்போது எம்டி பாரிட்டியிலிருந்து கணக்கிட்டு அந்த இடத்தைத் திருத்தி எழுதிக்கொள்ளும். டிஸ்க் ஒத்துழைத்தால் ஸ்மார்ட்சிடிஎல் வழியாக அது முயன்று பார்க்கும் நேரத்தை 7 நொடியாக அமைக்கலாம், இல்லையென்றால் லினக்ஸின் காத்திருப்பைக் கூட்ட வேண்டும்.

விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள்தான் மாறும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் "ஃபெயில்டு ரிடன்டன்சி" என்று வந்தால் அது டிகிரேடட்தான். "ஃபாரின்" என்றால் வேறு கணினியிலிருந்து வந்த டிஸ்க், இறக்குமதி செய்யக் கேட்கிறது. 2012 பதிப்பிலிருந்து ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் வந்துவிட்டது. அங்கேயும் ஃபார்மேட், இனிஷியலைஸ் என்று எது கேட்டாலும் வேண்டாம் என்று அழுத்திவிட்டு முதலில் படிக்க வேண்டும்.

காலையில் போனபோது நான்கு யுவும் வரிசையாக நின்றன. டெபியன், உபுண்டு குடும்பத்தில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அணி முழுவதையும் தானாகப் படித்துச் சோதிக்கும் ஏற்பாடு உண்டு. அது முடக்கப்பட்டிருந்ததைத் திறந்துவிட்டேன். நான்கு டிஸ்க்கின் ஓரத்திலும் வெள்ளை டேப் ஒட்டி, சீரியலின் கடைசி நான்கு எழுத்தை மார்க்கரில் எழுதினேன். கடைசியாக அமைப்புக் கோப்பில் ரூட்டை எடுத்துவிட்டு அண்ணனின் சொந்த மெயில் முகவரியைப் போட்டு, எம்டிஏடிஎம்மின் 'மானிட்டர்' விருப்பத்தில் 'டெஸ்ட்' சேர்த்து ஓட்டினேன்.

அண்ணன் எதிர்க்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார். போனைக் காதருகே வைத்தபடி சாலையைக் கடந்து ஓடி வந்தார். "தம்பி, மறுபடியும் என்னமோ ஆயிடுச்சு போல, டெஸ்ட் மெசேஜ்னு ஒரு மெயில் வந்திருக்கு!"